வெண்பனியா, உறைமழையா? புயலின் விடை தலைக்கு மேலே இருக்கிறது

டொரண்டோவில் ஒரு டிசம்பர் இரவு. வாசல் வெப்பமானி மைனஸ் 1 டிகிரி காட்டுகிறது, மேகம் கனத்திருக்கிறது. இனி என்ன விழும்? "ஜீரோவுக்குக் கீழே போய்விட்டதே, ஸ்னோதான்" என்று பலரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே மைனஸ் 1 டிகிரியில் வெண்பனியும் விழலாம், சன்னல் கண்ணாடியில் சடசடக்கும் ஐஸ் குருணையும் விழலாம், சாதாரண மழைபோலப் பெய்து, பட்ட இடத்தில் எல்லாம் கண்ணாடிபோல் உறைந்துகொள்ளும் மழையும் பெய்யலாம். மூன்றில் எது என்பதை வாசல் வெப்பமானி சொல்லாது.

2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் டொரண்டோவில் பெய்தது மூன்றாவது வகை. ஃப்ரீசிங் ரெயின் எனப்படும் உறைமழை. நகர மின் நிறுவனத்தின் ஏறக்குறைய 3 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்கார்பரோவும் கடுமையாக அடிபட்டது. பல வீடுகளில் கிறிஸ்துமஸ் கழிந்தும் விளக்கும் இல்லை, வீட்டைச் சூடாக்க ஹீட்டரும் இல்லை. மொத்தம் பெய்த நீர் சுமார் 30 மில்லிமீட்டர். அது முழுவதும் வெண்பனியாக விழுந்திருந்தால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும். அள்ளித் தள்ளிவிட்டு ஊர் ஓரிரு நாளில் வேலைக்குப் போயிருக்கும்.

அதனால்தான் குளிர்காலப் புயல் நெருங்கும்போது வானிலையாளர்கள் "எவ்வளவு பெய்யும்" என்பதோடு "எந்த வடிவில் பெய்யும்" என்பதையும் விடாமல் துரத்துகிறார்கள். அந்த வடிவத்தை முடிவு செய்வது நம் தலைக்கு மேலே இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரம் வரை உள்ள காற்று. தரையில் இருந்துகொண்டு அந்தக் காற்றின் வெப்பநிலையை அறிவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

நடு அடுக்கில் சூடு

குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் பெய்வது எதுவாக இருந்தாலும், பெரும்பாலும் அது மேகத்தில் பனிப்படிகமாகத்தான் பிறக்கிறது. மேலிருந்து தரை வரை காற்று முழுவதும் உறைநிலைக்குக் கீழே இருந்தால் படிகம் அப்படியே வந்து சேரும். அது வெண்பனி.

சிக்கல் தொடங்குவது நடுவில் ஒரு வெப்பக் காற்று அடுக்கு நுழையும்போது. மேலடுக்கும் கீழடுக்கும் ஆறிப்போய் நடு அடுக்கு மட்டும் சூடாக இருக்கும் டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குள் இந்த அடுக்கு அமைவது வழக்கம். அதன் வழியே விழும் படிகம் உருகுகிறது. எவ்வளவு உருகுகிறது என்பதிலும், அதன் பிறகு கீழே எவ்வளவு தடிமனான குளிர்காற்றைக் கடக்கிறது என்பதிலும்தான் மீதிக் கதை.

நடு அடுக்கின் வெப்பம் 1 டிகிரியைத் தாண்டாவிட்டால் படிகம் லேசாக நனையுமே தவிர உருக்குலையாது, வெண்பனியாகவே வந்து சேரும். 1 முதல் 3 டிகிரி வரை இருந்தால் பாதி உருகி, உள்ளே கொஞ்சம் பனி மிச்சமிருக்கும். கீழே உள்ள குளிர்காற்றில் அந்த மிச்சப் பனியைப் பற்றிக்கொண்டு துளி மறுபடி உறைகிறது. அது ஐஸ் குருணை. தரையில் விழுந்து எகிறிக் குதிக்கும். 3 டிகிரிக்கு மேல் போனால் பனி முழுவதும் கரைந்து நீர்த்துளி ஆகிவிடுகிறது. கீழ்க்குளிர் அடுக்கு மெல்லியதாக இருந்தால், அந்தத் துளி உறையாமலே தரையைத் தொடும். அதுதான் உறைமழை. இந்த 1, 3 என்ற எண்கள் வானிலையாளர்கள் கைக்கணக்காக வைத்திருப்பவை. துளியின் அளவையும் அடுக்கின் தடிமனையும் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.

ஜீரோவுக்குக் கீழே உள்ள காற்றில் நீர்த்துளி எப்படி உறையாமல் இருக்கிறது? நீர் உறைய வேண்டுமானால் குளிர் மட்டும் போதாது. முதல் படிகம் பிடித்துக்கொள்ள ஒரு கரு வேண்டும். ஒரு பனித்துணுக்கோ, பொருத்தமான தூசியோ கருவாகலாம். கரு எதுவும் இல்லாத தூய நுண்துளிகள் மைனஸ் 38 டிகிரி வரைகூடத் திரவமாகவே நிற்கும். நடு அடுக்கில் முற்றிலும் உருகிய துளிக்குள் பழைய பனிக்கரு கரைந்துபோய்விடுகிறது. கீழே உள்ள மைனஸ் 1, மைனஸ் 3 டிகிரிக் காற்று அதற்குப் புதுக்கரு எதையும் தருவதில்லை. துளி கிளையிலோ கம்பியிலோ காரின் கண்ணாடியிலோ மோதியதும் அந்த இடத்திலேயே பரவி உறைகிறது. பாதி உருகிய துளியில் கரு மிச்சம் இருப்பதால்தான் அது வழியிலேயே குருணை ஆகிவிடுகிறது. ஊர் தப்பிக்குமா, இருட்டில் மூழ்குமா என்பது இப்படி இரண்டு டிகிரியில் தீர்மானமாகிறது.

நகர்ந்துகொண்டே இருக்கும் கோடு

வட அமெரிக்காவில் இத்தகைய புயல்கள் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும் வெப்பமும் கொண்ட காற்றை வடக்கே இழுத்து வருகின்றன. வெப்பக்காற்று எடை குறைந்தது. தரையோடு கிடக்கும் கனத்த குளிர்காற்றைத் தள்ள முடியாமல் அதன் மேல் சரிவாக ஏறிப் போகிறது. ஆகவே புயலின் வடக்கு விளிம்பில் வெண்பனி, அதற்குத் தெற்கே குருணை, அதற்கும் தெற்கே உறைமழை, கடைசியில் சாதாரண மழை என்று பட்டைகள் அமைகின்றன. குருணைப் பட்டையும் உறைமழைப் பட்டையும் சில வேளை 30, 40 கிலோமீட்டர் அகலமே இருக்கும். புயலின் பாதை அவ்வளவு தூரம் விலகினாலே ஓர் ஊரின் தலையெழுத்து மாறிவிடும்.

பாதை மாறாவிட்டாலும் பட்டைகளைப் பிரிக்கும் கோடு நகரும். மூன்று காரணங்கள்.

முதலாவது, காற்றின் வறட்சி. மழை வறண்ட காற்றுக்குள் விழும்போது ஒரு பகுதி ஆவியாகிறது. ஆவியாதல் காற்றிலிருந்து வெப்பத்தைப் பிடுங்குகிறது. தரையில் 3 டிகிரி இருக்கும் ஊரில், மழை தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் உறைநிலைக்குக் கீழே போய்விடுவது இதனால்தான். எனவே வானிலையாளர்கள் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

இரண்டாவது, உருகுதல். நடு அடுக்கில் பனி உருகுவதற்கான வெப்பம் அந்த அடுக்கிலிருந்தே செலவாகிறது. பனி கனமாக விழுந்தால் அடுக்கு குளிர்ந்து, ஜீரோவை எட்டி, மழை திடீரென்று வெண்பனியாக மாறிவிடும். பொழிவின் வேகமே பொழிவின் வகையை மாற்றிவிடுகிறது.

மூன்றாவது, இதற்கு நேர்மாறானது. நீர் உறையும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. உறைமழை கிளைகளிலும் தரையிலும் உறைய உறைய, தரையை ஒட்டிய காற்று மெல்லச் சூடேறி ஜீரோவைத் தொடும். அத்துடன் உறைதல் நின்று சாதாரண மழையாகிவிடும். எனவே உறைமழை தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் இயல்புடையது. பெரும்பாலான உறைமழைகள் சில மணி நேரத்தில் முடிந்துவிடுவதற்கு இது ஒரு காரணம்.

நாள்கணக்கில் நீடிக்க வேண்டுமானால் கீழே புதிய குளிர்காற்று ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். அந்த வசதியைச் செய்து கொடுப்பது நிலத்தின் அமைப்பு. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வடகிழக்கிலிருந்து குளிர்காற்றை வாய்க்காலில் நீர் பாய்ச்சுவதுபோல மான்ட்ரியால் வரை கொண்டுவருகிறது. அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைத்தொடர் தன் கிழக்குச் சரிவில் குளிர்காற்றைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. கரோலினா, வர்ஜீனியா மாநிலங்களில் உறைமழை அடிக்கடி பெய்வது அதனால்தான்.

எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்?

தலைக்கு மேலே உள்ள அடுக்குகளை நேரடியாகத் தொட்டுப் பார்க்கும் முக்கியக் கருவி ஒன்று உண்டு. பலூன். அதில் கட்டிய சிறு பெட்டி வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம், காற்று ஆகியவற்றை அளந்து ரேடியோவில் அனுப்பிக்கொண்டே 30 கிலோமீட்டருக்கும் மேலே போகிறது. உலகம் முழுவதும் இது ஒரே நேரத்தில், வழக்கமாக நாளுக்கு இரண்டு முறை நடக்கிறது. சென்னை மீனம்பாக்கத்தில் மாலை 5.30 மணிக் கணக்குக்குப் பலூன் விடும்போதுதான் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் காலை 7 மணிக் கணக்குக்கு விடுகிறார்கள். புயல் நெருங்கினால் இடைப்பட்ட நேரத்திலும் கூடுதல் பலூன்களை ஏற்றுவார்கள். பலூனின் குறை இரண்டு. நிலையங்கள் ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. ஓர் அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 12 மணி நேரம் ஓடிவிடுகிறது. அதற்குள் நடு அடுக்கு 2 டிகிரி சூடேறிவிடலாம்.

இடைவெளியை நிரப்புவது ரேடார். அமெரிக்காவில் சுமார் 160 வானிலை ரேடார்கள் உள்ளன. 2011 முதல் 2013 வரை அவை எல்லாம் கிடைமட்டம், செங்குத்து என இரு திசைகளிலும் அதிரும் அலைகளை அனுப்பும் வகைக்கு மாற்றப்பட்டன. இரண்டு எதிரொலிகளையும் ஒப்பிட்டால் விழும் பொருளின் உருவம் பிடிபடும். பெரிய மழைத்துளி சற்றுத் தட்டையானது. எல்லாத் துளிகளும் ஒரே வகையாக இருந்தால் இரண்டு எதிரொலிகளும் கிட்டத்தட்ட முழுமையாக ஒத்துப்போகும். பாதி உருகிய பனி, முழு நீர், படிகம் எல்லாம் கலந்து கிடக்கும் உயரத்தில் அந்த ஒற்றுமை சட்டென்று சரிகிறது. படத்தில் ரேடாரைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் இருக்கும் உயரத்தில்தான் பனி உருகிக்கொண்டிருக்கிறது. வளையம் வடக்கே நகர்ந்தால் வெப்ப அடுக்கும் வடக்கே நகர்கிறது என்று பொருள்.

ரேடாருக்கும் ஒரு குருட்டுப் பகுதி உண்டு. அதன் கற்றை அரை டிகிரி சாய்வில் மேல்நோக்கிப் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. 100 கிலோமீட்டர் தொலைவில் கற்றையின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். பனி உருகுவதை அது காணும். உருகிய துளி மறுபடி குருணை ஆனதா, ஆகாமல் நீராகவே இறங்கியதா என்பது அதற்கும் கீழே நடக்கிறது. அது ரேடாருக்குத் தெரியாது.

தெரியாத அந்தக் கடைசிப் பகுதியைத் தரையில்தான் பிடிக்க வேண்டும். அமெரிக்க விமான நிலையங்களின் தானியங்கிக் கருவிகளில் விரல் அளவு உலோகக் குச்சி ஒன்று நொடிக்கு 40,000 முறை அதிர்ந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் ஐஸ் படியப் படிய அதிர்வு மந்தமாகிறது. எவ்வளவு மந்தம் என்பதிலிருந்து எவ்வளவு ஐஸ் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் விமான நிலையங்கள் எல்லா ஊரிலும் இல்லை. எனவே மக்களையே கேட்கிறார்கள். அமெரிக்காவின் தேசியக் கடும்புயல் ஆய்வகமும் ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2012 இறுதியில் 'எம்பிங்' என்ற கைபேசிச் செயலியை வெளியிட்டன. வெளியே எட்டிப் பார்த்து, "இப்போது குருணை", "இப்போது உறைமழை" என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இடமும் நேரமும் தானாகப் பதிவாகும். கோடிக்கணக்கில் செலவிட்ட ரேடார் காண முடியாததை, சன்னல் ஓரம் நிற்கும் ஒருவர் கண்டு சொல்லிவிடுகிறார்.

இவை அனைத்தும் கணினி மாதிரிகளுக்குள் போகின்றன. அமெரிக்க வானிலைத் துறையின் நுண்மாதிரி ஒன்று நாட்டை 3 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து மணிக்கொரு முறை புதிதாகக் கணக்கிடுகிறது. இன்னொரு முறையில், தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஒரே புயலைப் பலமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். ஐரோப்பிய மையம் இப்படி 50 முறை ஓட்டுகிறது. அதில் 30 ஓட்டங்கள் உங்கள் ஊருக்கு உறைமழையும் 20 ஓட்டங்கள் குருணையும் காட்டினால், வானிலையாளர் "60 விழுக்காடு வாய்ப்பு" என்பார். வெப்ப அடுக்கை 1 டிகிரி துல்லியத்தில் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது, அதுதான் நேர்மையான பதில்.

அதே நீர், வேறு வேறு கணக்கு

25 மில்லிமீட்டர் நீரைக் கொண்ட புயலை எடுத்துக்கொள்வோம். சராசரி வெண்பனியில் ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கு. 25 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பனி படியும். குருணையாக விழுந்தால் 7 சென்டிமீட்டர் அளவில் நெருக்கமாகப் படியும். தள்ளுவதற்குக் கனம், ஆனால் கம்பியில் ஒட்டாது. உறைமழையானால் ஒரு பகுதி உறையும் முன்பே வழிந்தோடிவிடும், மீதி ஒட்டிக்கொள்ளும். கொட்டும் மழையில் வழிந்தோடுவது அதிகம். குளிர்காற்று வீச, மெல்லிய தூறலாக நெடுநேரம் பெய்தால் ஒட்டுவது அதிகம். வேகமாகப் பெய்தால்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஒட்டும் ஐஸின் எடை தடிமனைவிட வேகமாக ஏறுகிறது. இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள மின்கம்பியைச் சுற்றி ஒண்ணேகால் சென்டிமீட்டர் ஐஸ் படிந்தால் மீட்டருக்கு 1.3 கிலோ. இரண்டரை சென்டிமீட்டர் படிந்தால் 3.5 கிலோ. தடிமன் இரட்டித்தால் சுமை இரண்டரை மடங்குக்கும் மேல் ஆகிறது. 100 மீட்டர் இடைவெளியில் 350 கிலோ தொங்கும். அதற்கு மேல் காற்றும் அடித்தால் என்ன ஆகும் என்பதை 1998 காட்டியது.

அந்த ஆண்டு ஜனவரி 5 முதல் 10 வரை மான்ட்ரியாலைச் சுற்றி விட்டுவிட்டு 80 மணி நேரத்துக்கும் மேல் உறைமழையும் உறைதூறலும் பெய்தன. சில இடங்களில் மொத்தம் 100 மில்லிமீட்டர். வளைகுடாவிலிருந்து வந்த வெப்ப ஈரம் மேலே நிற்க, செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கு கீழே குளிரை ஓயாமல் ஊட்டியது. தன்னைத்தானே அணைத்துக்கொள்ள வேண்டிய உறைமழை அணையவே இல்லை. ஏறத்தாழ 1,000 எஃகு மின்கோபுரங்கள் சாய்ந்தன. ஒன்று விழும்போது கம்பியால் அடுத்ததை இழுக்க, வரிசையாகக் கவிழ்ந்தன. மரக் கம்பங்கள் பல்லாயிரம் முறிந்தன. கியூபெக் மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் இழந்தார்கள். சில ஊர்களில் ஒரு மாதம் கழித்தே விளக்கு எரிந்தது. உதவிக்கு 15,000க்கும் மேற்பட்ட படைவீரர்கள் இறங்கினார்கள். அதன் பிறகு கியூபெக் மின் நிறுவனம், தொடர்சரிவைத் தடுக்க இடையிடையே உறுதியான கோபுரங்களை நிறுத்தியது. கம்பியில் கூடுதல் மின்னோட்டம் செலுத்திச் சூடேற்றி ஐஸை உதிர்க்கும் நிலையம் ஒன்றையும் லெவி நகரில் அமைத்தது.

வீட்டில் இருந்தபடி எப்படிப் படிப்பது?

குளிர்நாட்டில் வசிப்பவரானாலும், அங்குள்ள பிள்ளைகளின் ஊருக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது என்று இங்கே கவலைப்படுபவரானாலும், அறிவிப்பில் சில இடங்களை முதலில் பாருங்கள்.

பனியின் உயரம் செய்தித் தலைப்புக்கு வரும். அதை விட்டுவிட்டு ஐஸின் தடிமனைத் தேடுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பகுதிகளில் 6 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம் எதிர்பார்த்தாலே ஐஸ் புயல் எச்சரிக்கை விடுவார்கள். கிளை முறிந்து மின்சாரம் போகத் தொடங்குவது ஏறக்குறைய அந்த அளவில்தான். அரை அங்குலம் என்றிருந்தால், போகுமா என்று யோசிக்காமல் எத்தனை நாள் போகும் என்று திட்டமிடுங்கள். அடுத்து, முன்னறிவிப்பு நாளுக்கு நாள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள். ஒரே பக்கமாக மூன்று முறை நகர்ந்தால் அந்தப் போக்கை நம்பலாம். இங்குமங்கும் தாவினால், கோடு உங்கள் ஊர் மீதே கிடக்கிறது. இரண்டுக்கும் தயாராவதுதான் சரி.

புயல் தொடங்கிய பிறகு காதையும் பயன்படுத்துங்கள். அமைதியாக விழுந்துகொண்டிருந்த வெண்பனி கண்ணாடியில் சடசடக்கத் தொடங்கினால், வெப்ப அடுக்கு உங்கள் தலைக்கு மேலே வந்துவிட்டது. சடசடப்பு நின்று வெறும் மழைச் சத்தம் மட்டும் கேட்டால், வாசல் வெப்பமானியைப் பாருங்கள். அது இன்னும் ஜீரோவுக்குக் கீழே இருந்தால் பெய்வது உறைமழை. வண்டியை எடுக்காதீர்கள். அடியிலும் குளிர்காற்று படுவதால் பாலங்கள் சாலைக்கு முன்பே உறைந்துவிடும். சாலையில் தூவும் உப்பும் மைனஸ் 10 டிகிரியை நெருங்கும்போது சக்தி இழக்கும்.

மின்சாரம் போய்விட்டால் கடைசியாக ஒன்று. 1998 புயலிலும் 2013 புயலிலும் குளிர் தாங்காமல் வீட்டுக்குள்ளோ கார் கொட்டகையிலோ கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் இயக்கியவர்கள் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு ஆளானார்கள். சிலர் உயிரும் போனது. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, சன்னலுக்கும் கதவுக்கும் தள்ளியே இருக்க வேண்டும். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே வாங்கி மாட்டிவிடுங்கள்.